ஐந்து கீறல் மீன்

இந்த நாற்காலிக்கு யாராவது வருகிறார்களா, தம்பி? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். ஐந்து மேசை காலியாகக் கிடக்கும்போது இந்த ஆள் ஏன் நம் மேசைக்கு வருகிறான் என்று நினைப்பீர்கள். எனக்கு மூலைதான் பிடிக்கும். நாலு பேர் பார்க்க நடுவில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த மூலையிலிருந்து வாசலும் தெரிகிறது, சமையல்கட்டுத் திரையும் தெரிகிறது.

கழுத்தில் டேப் தொங்குகிறதே, பக்கத்துத் தையல் கடையா? நினைத்தேன். அளவெடுக்கிற ஆள். அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நானும் அளவெடுத்தவன்தான். முப்பத்தோரு வருடம் அணையில் லஸ்கர் வேலை. ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று ஸ்கேலைப் பார்த்து எழுதுவது. எட்டாவதுதான் படித்தேன். ஆனால் நான் எழுதிய அளவை ஒரு இன்ஜினியரும் அடித்துத் திருத்தியதில்லை. பெயர் இன்னாசி.

கடைக்கார அம்மாவிடம் ஒரு சாப்பாடும் ஒரு மீன் வறுவலும் சொன்னேன். "இப்பத்தான் பொரிக்கணும், செத்த நேரமாகுங்க" என்றார். ஆகட்டும். மணி ஒன்று பதினேழு. எனக்கு அவசரமில்லை.

உங்கள் இலையில் முள்தான் மிச்சம். சாப்பிட்டுவிட்டீர்களா? அந்தத் துண்டில் எத்தனை கீறல் இருந்தது? கத்தியால் போட்ட கீறல், தம்பி. மசாலா உள்ளே இறங்கப் போடுவார்களே. கவனிக்கவில்லையா? பரவாயில்லை. யாரும் கவனிப்பதில்லை.

இன்றைக்கு எனக்கு அறுபத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை. அறுபத்து மூன்றாவது கடை. ஒரு கடைக்கு இரண்டு முறை போனதில்லை. இதோ, நோட்டு. ஊர், கடை, மீன், கீறல். நாலு பத்திதான். ருசிக்குப் பத்தி கிடையாது. ருசி ஆளுக்கு ஆள் மாறும். கீறல் மாறாது.

ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்கிறீர்கள். நாங்கள் வேதக்காரர்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், கறி ஆகாது, மீன் ஆகும். இந்தப் பக்கத்துச் சனங்களோ வெள்ளிக்கிழமை கறியும் தொடமாட்டார்கள், மீனும் தொடமாட்டார்கள். ஆகவே ஆற்றோரத்துச் சின்ன ஊர்களில் வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கிற கடை ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். ஒன்று பாராக இருக்கும், இல்லாவிட்டால் இந்த மாதிரி மெஸ்ஸாக இருக்கும். தேடுகிறவனுக்கு அது எவ்வளவு வசதி, பாருங்கள்.

என் வீட்டுக்காரி பெயர் மதலேன். பதினோரு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் பொரிப்பாள். துண்டு போட்டதும் கத்தியை எடுத்து மேல்பக்கம் மூன்று, கீழ்ப்பக்கம் இரண்டு கீறல் போடுவாள். ஆண்டவருடைய ஐந்து காயத்துக்கு ஐந்து. அவள் அம்மா அப்படிப் போடுவாளாம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான். சனிக்கிழமை அதே மீனைக் கொடுத்தால் கீறலே போடமாட்டாள். மற்ற நாளில் நான் ஆயிரம் கடை ஏறி இறங்கினாலும் அவள் கையைக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு துண்டு போதும்.

ஆமாம், போய்விட்டாள். ஒன்பது வருடம் நாலு மாதம்.

என்ன சண்டை என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். சண்டையே இல்லை, தம்பி. நான் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒன்பது வீடு. எட்டு வீட்டில் இரைச்சல் கேட்கும். என் வீட்டில் சத்தமே வராது. "இன்னாசி மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மதலேன் குடுத்து வச்சிருக்கணும்" என்று மற்றப் பெண்கள் சொல்லுவார்கள். அவளும் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

நான் கணக்காக இருப்பேன், அவ்வளவுதான். அணைக்கு ஸ்கேல் இருக்கிறது, குடத்துக்கு ஏன் இருக்கக்கூடாது? குடத்தில் உள்பக்கம் கோடு போட்டு வைத்தேன். காலையில் இத்தனை விரல், மாலையில் இத்தனை விரல். எண்ணெய்ப் பாட்டிலுக்கும் கோடு உண்டு. தீப்பெட்டியில் குச்சி எண்ணி வைப்பேன். கோயிலுக்குப் போக நானூற்றுப் பன்னிரண்டு அடி, வர நானூற்றுப் பன்னிரண்டு. பூசை முடிந்து அவள் நடைக்கு ஐந்து நிமிடத்தில் வீட்டில் இருக்கலாம். ஒரு நாள் பதினாலு நிமிடம் கூடிப்போனது. நான் கத்தவில்லை. "பதினாலு" என்றேன். அவ்வளவுதான். ஒரு வாரம் காலையில் எழுந்ததும் "பதினாலு" என்பேன். சாப்பிட உட்காரும்போது "பதினாலு" என்பேன். எட்டாம் நாள் தானாகவே காலில் விழுந்து, ஒரு தோழியோடு பேசிக்கொண்டு நின்றேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு அந்தத் தோழியை நான் பார்க்கவில்லை.

நான் வேலைக்குப் போகும்போது முன்கதவையும் பின்கதவையும் வெளியே பூட்டிவிட்டுப் போவேன். அணைப் பக்கம் பாம்பு அதிகம். ஆள் நடமாட்டமும் ஒரு மாதிரி. அவள் பத்திரத்துக்குத்தான்.

அந்த வருடம் வெள்ளம். மணிக்கு ஒரு தடவை அளவெடுக்கச் சொல்லி உத்தரவு. பகல் பதினோரு மணிக்கு ஸ்கேல் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு அடி நாலு அங்குலம். பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தேன். முன்கதவுப் பூட்டு போட்டபடி இருந்தது. பின்கதவுப் பூட்டும் போட்டபடி இருந்தது. ஆனால் கதவு சுவரில் சாய்ந்து நின்றது. உள்பக்கம் கீலில் இருந்த திருகாணிகளைக் கழற்றியிருக்கிறாள். இரண்டு கீல், கீலுக்கு மூன்று, ஆகமொத்தம் ஆறு. ஒரே நாளில் கழற்றக்கூடிய திருகாணி இல்லை அது, துருப்பிடித்தது. நாளுக்குக் கொஞ்சம், நாளுக்குக் கொஞ்சமாகத் தளர்த்தியிருக்க வேண்டும். தோசைத் திருப்பியின் முனை மழுங்கிக் கிடந்தது. தீக்குச்சியை எண்ணினவன் திருகாணியை எண்ணாமல் விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆறையும் அடுப்புத் திட்டில் வரிசையாக வைத்திருந்தாள். பக்கத்தில் தட்டு போட்டு மூடி, பொரித்த மீன். அன்று வெள்ளிக்கிழமை. புருஷன் பசியோடு வருவானே என்று பொரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெறுத்துப் போகிறவள் அப்படிச் செய்வாளா? நீங்களே சொல்லுங்கள்.

நான் தேடவில்லை, தம்பி. எட்டு வருடம் தேடவேயில்லை. கூச்சம். போலீஸில் போய் என்னவென்று எழுதிக்கொடுப்பது? வருவாள் என்று இருந்தேன். ரிட்டயர் ஆன அன்றைக்கு ஆபீஸில் ஒரு சின்ன விருந்து. அன்றும் வெள்ளிக்கிழமை. பொன்னுரங்கம் என்று கூட வேலை பார்த்தவர், வாய்க்கால் ஓரமாக ஏழெட்டு ஊர் இன்ஸ்பெக்ஷன் போய்விட்டு வரும் வழியில் மீன் வறுவல் பார்சல் வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே மூன்று. திருப்பினேன். கீழே இரண்டு.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"எதோ ஒரு கடைங்க, இன்னாசி. பஸ்ஸு நின்னுச்சு, எறங்கினேன், வாங்கினேன். ஏன், நல்லால்லையா?"

"எந்த ஊரு?"

"நாலு ஊர்ல நின்னுச்சு. எனக்கு அப்ப நெனவு சரியில்ல" என்று சிரித்தார். காலையிலேயே குடித்திருந்தார். இவரெல்லாம் அளவெடுத்த அணை இன்னும் நிற்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

எத்தனை விதமான மீன் என்கிறீர்கள்! தலைமடையிலிருந்து வாய்க்கால் போகிற போக்கில் ஊர் ஊராக இறங்கினேன். ஜிலேபி மீனை முழுசாகப் பொரிக்கிற பார். கட்லாவை உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கிச் சிவப்புச் சாயம் பூசுகிற கடை. ஏசி போட்டு, மீனுக்கு மேல் வெங்காயத்தைப் பூ மாதிரி செதுக்கி வைக்கிற ஓட்டல். பார்களுக்குப் போவதுதான் கஷ்டம். நான் குடிக்கிறதில்லை. ஒரு கலர் வாங்கி வைத்துக்கொண்டு, மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஓடப்பட்டி பாரில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, மீனத் திங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?" என்றான். பார் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பதினேழாவது கடை. கீறல் நாலு.

இருபத்தொன்பதாவது வெள்ளி, செட்டிமடுவு. தகரக் கொட்டகை. மாஸ்டர் பெயர் சித்தையன், முப்பது வயது இருக்கும். தட்டு வந்தது. மேலே மூன்று, கீழே இரண்டு. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு, தம்பி. சந்தேகமான அளவை இரண்டு தடவை பார்க்க வேண்டும். இன்னொரு துண்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து.

"இப்படிப் போட யாருப்பா சொல்லிக்குடுத்தாங்க?"

"ஒரு அக்கா இருந்துச்சுங்க. நாலு மாசம் இங்க வேல பாத்துச்சு. 'வெள்ளிக்கெழம அஞ்சு போடு சித்தையா, இல்லாட்டி சாமி குத்தம்'னும். பழகிருச்சுங்க."

"இப்ப எங்க?"

"நீங்க யாருங்க?"

"வீட்டுக்காரன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "தெரியாதுங்க" என்றான். பிறகு அவனே சொன்னான்: "பெரியவரே, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. அந்தக்கா இட்லிய எடுக்கறப்ப யாராச்சும் பக்கத்துல நின்னு எண்ணினா, கை வெடவெடன்னு ஆடும். தட்டையே கீழ போட்டுரும்."

"ஆமாம்ப்பா, அவங்க அம்மா வழியிலயே நரம்புத் தளர்ச்சி" என்றேன். நல்ல பையன். அக்கறையாகச் சொன்னான்.

அவள் தண்ணீரோடு தண்ணீராக வாய்க்கால் வழியே கீழே போகிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நாற்பத்தெட்டாவது வெள்ளி, மூலக்கரை மெஸ். அங்கேயும் ஐந்து போடத் தெரிந்த ஒரு அம்மா இருந்தார். "அது போயி மூணு வாரமாச்சு. யாரோ போன் பண்ணாங்க, அன்னிக்கே துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு" என்றார். மூன்று வெள்ளிக்கிழமையில் தவறவிட்டேன். ஒரு கடையிலும் அவளை நிம்மதியாக இருக்கவிடமாட்டேன் என்கிறார்கள். என்ன கொடுமைப்படுத்துகிறார்களோ. பாவம், சொல்லிக்கொள்ள ஆளில்லாத பொம்பளை.

அவளுக்காகவே வீடு கட்டியிருக்கிறேன், தம்பி. சின்ன வீடுதான். கொத்தனார் "பின்வாசல் எங்கங்க வைக்கணும்?" என்று கேட்டார். பின்வாசலே வேண்டாம் என்றுவிட்டேன். கதவு இருந்தால்தானே கீல், கீல் இருந்தால்தானே திருகாணி. இனி எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் வராது.

எழுந்துவிட்டீர்களே. கை கழுவவா? போய்வாருங்கள். அந்தப் பக்கம்தான், சமையல்கட்டைத் தாண்டி. வந்ததும் பார்த்து வைத்துக்கொண்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பின்கதவு இருக்கிறது, வாய்க்கால் மேட்டுக்கு இறங்குகிறது. அங்கிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு எண்பத்தெட்டு அடி. நடந்து பார்த்தேன். நீங்கள் வந்த பிறகு மிச்சத்தைச் சொல்கிறேன்.

…வாருங்கள். மணி ஒன்று முப்பத்தொன்பது. கை கழுவ ஐந்து நிமிடம். இருக்கட்டும், தொட்டியில் தண்ணீர் மெதுவாக வருகிறது போல. ஆனால் கையில் ஈரமே இல்லையே, தம்பி? சோற்றுப் பருக்கை கூட அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஞாபக மறதி. உட்காருங்கள்.

நீங்கள் உள்ளே போனதும் கரண்டிச் சத்தம் நின்றது. கவனித்தேன். பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு எண்ணெய்ச் சத்தம் மட்டும். இதோ, அம்மா மீனைக் கொண்டுவருகிறார். இங்கே வையுங்கள் அம்மா, இங்கே.

கட்லா. நடுத்துண்டு. நன்றாகச் சிவந்திருக்கிறது. பாருங்கள் தம்பி, உங்களுக்கும் தெரியட்டும். மேலே ஒன்று, இரண்டு, மூன்று. திருப்புகிறேன். ஒன்று, இரண்டு.

மூன்று.

மொத்தம் ஆறு. ஆறு என்றால் அவள் இல்லை. அறுபத்து மூன்று கடையில் ஆறு கீறல் இதுவரை நான் பார்த்ததில்லை. நோட்டில் ஆறு என்று எழுதிவிட்டு எழுந்து போகவேண்டியதுதான்.

ஆனால் சந்தேகமான அளவை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

முதல் கீறலைப் பிரிக்கிறேன், பாருங்கள். உள்ளே மசாலா. மஞ்சள், மிளகாய், சோம்பு, அடிவரைக்கும் இறங்கியிருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஊறியது. இரண்டாவது அப்படித்தான். மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் அப்படித்தான். இந்த ஆறாவதைப் பிரிக்கிறேன். வெள்ளை. உள்ளே வெறும் வெள்ளைச் சதை. மசாலா தடவி ஊறின பிறகு, சட்டியில் போடப்போகும் நேரத்தில் போட்ட கீறல் இது. போட்ட கீறலை எடுக்க முடியாது. கூட்டத்தான் முடியும். கூட்டியிருக்கிறாள்.

நீங்கள் ஏன் இப்படி வேர்க்கிறீர்கள், தம்பி? மின்விசிறியைக் கூட்டச் சொல்லட்டுமா?

எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. தப்பாக நினைக்காதீர்கள். இந்த உலகத்தில் ஒரு மீன் துண்டைப் பிரித்து ஆறாவது கீறல் வெள்ளையா சிவப்பா என்று பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அது அவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் கூட இருந்தவள். யாருக்காகப் போட்டாள்? எனக்காகத்தான். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவள் வாயால் சொன்ன மாதிரி இருக்கிறது.

முதலில் சாப்பிடுகிறேன். அவள் பொரித்ததை மீதி வைத்து எழுந்திருக்கக்கூடாது. நிதானமாக, முள் எடுத்துத்தான் சாப்பிடுவேன். அவள் முன்னால் நின்று பார்ப்பாள், நான் முள்ளை இலையோரம் வரிசையாக வைப்பேன். நடுமுள் ஒன்று. பக்கமுள் ஒன்பது… பத்து… உப்பு கொஞ்சம் தூக்கல். அவசரத்தில் போட்டிருக்கிறாள். அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

அது என்ன, பஸ்ஸா கிளம்புகிறது? ஒன்று ஐம்பது வண்டிதானே அது? மணி ஒன்று நாற்பத்தேழு. மூன்று நிமிடம் முன்னாலேயே எடுத்துவிட்டான், பாருங்கள். அறுபத்து மூன்று வெள்ளிக்கிழமையில் நேரத்துக்கு முன்னால் கிளம்பின வண்டியை நான் கண்டதில்லை. யாரோ அவசரக்காரர் கையைக் காட்டி ஏறி, எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள். டிரைவரும் கேட்டுவிட்டான். நேரத்துக்கு ஒரு மரியாதை இல்லாமல் போய்விட்டது.

பதினாறு, பதினேழு. முடிந்தது.

மதலேன்.

நான் சத்தமாகக் கூப்பிடமாட்டேன். மெதுவாகக் கூப்பிட்டாலே அவளுக்குக் கேட்கும். மதலேன். நான்தான்.

என்ன அம்மா? உள்ளே யாருமில்லையா? நீங்களா பொரித்தீர்கள்? இல்லை, சண்டைக்கு வரவில்லை. நீங்கள் ஏன் குரலை உயர்த்துகிறீர்கள்? கையைக் கொஞ்சம் காட்டுங்கள். பாருங்கள், நகக்கண்ணில் மஞ்சளே இல்லை. காலையிலிருந்து மசாலா பிசைந்த கை இப்படியா இருக்கும்? பொய் சொல்லத் தெரியாத அம்மா. நல்லது. திரையைத் தூக்காவிட்டாலும் பரவாயில்லை. காற்றில் அதுவாகவே ஆடுகிறது. பின்கதவு திறந்திருக்கிறது.

எண்பத்தெட்டு அடி.

சரி. நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அறுபத்து மூன்று. ஐந்து என்று எழுதுகிறேன், ஆறு இல்லை. ஆறாவது கணக்கில் சேராது.

தம்பி, நீங்கள் இந்த ஊர்க்காரர். அந்த ஒன்று ஐம்பது வண்டி இங்கிருந்து வாய்க்கால் ரோட்டிலேதானே கீழே போகும்? கடைசி ஊர்வரைக்கும் எத்தனை நிறுத்தம்?

சொல்லமாட்டீர்களா? டேப்பை ஏன் அப்படி இறுக்கிச் சுற்றுகிறீர்கள், விரல் வெளுத்துவிட்டது. கோபப்படாதீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த வண்டியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொள்கிறேன்.